‘திட்டினா சிரிக்கிறான்’: வில்சன் நோயைக் கண்டுபிடிக்கப் பழக்கும் ஒரு நிகழ்வு

பயிற்சி தொடங்கும்போது நான் தலைப்பைச் சொல்வதில்லை. இரண்டு நோட்டுப் பக்கங்களின் ஜெராக்ஸை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுவேன். ஒன்று ஆறாம் வகுப்பில் எழுதியது, இன்னொன்று எட்டாம் வகுப்பில் எழுதியது. எழுதியவன் ஒரே பையன். முதல் பக்கத்தில் எழுத்து கோட்டின் மேல் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும், ‘ழ’வின் வால் நன்றாகச் சுழிந்து இறங்கும். இரண்டாவது பக்கத்தில் ஒவ்வொரு வரியும் பெரிதாக ஆரம்பித்து, முடியும் இடத்தில் எறும்பு ஊர்வது போலச் சிறுத்துவிடும். ‘ழ’வுக்கு வாலே இருக்காது.

“இந்தப் பையனோட அம்மாகிட்ட என்ன கேப்பீங்க? ஒரே ஒரு கேள்வி எழுதுங்க” என்பேன். “படிப்பில் கவனம் குறைந்துவிட்டதா?”, “செல்போன் எவ்வளவு நேரம் பார்க்கிறான்?” என்றுதான் பெரும்பாலும் வரும். ஒரு தடவை ஒரு ஸ்டாஃப் நர்ஸ் மட்டும் “சட்டைக்குப் பட்டன் அவனே போட்டுக்கிறானா?” என்று எழுதியிருந்தார். எனக்கு வேண்டியது அந்தக் கேள்வி.

அந்த அறையில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்கள் இருப்பார்கள், ஸ்டாஃப் நர்சுகள், கிராம சுகாதார செவிலியர்கள், லேப் டெக்னீஷியன்கள், கண் பரிசோதனை செய்கிறவர்கள் இருப்பார்கள். நரம்பியல் நிபுணர்களை நான் கூப்பிடுவதில்லை. அவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டால் நோய் எப்படியும் பிடிபட்டுவிடும். போய்ச் சேர்வதற்குள் போகிற வருடங்கள்தான் என் கவலை. இந்த நிகழ்வு முழுக்க ஒரே பையனுடையதும் இல்லை. நான் பார்த்த சில பிள்ளைகளின் கதைகளைச் சேர்த்து, அடையாளம் தெரியாதபடி மாற்றிப் பயிற்சிக்காகக் கட்டியது. எண்களும் அப்படித்தான். ஆனால் இதில் வருகிற ஒவ்வொரு தவறும் எங்கேயோ உண்மையில் நடந்தது.

9 வயதில் மஞ்சள் காமாலை

கதை இங்கேதான் தொடங்குகிறது, யாரும் இங்கே தொடங்குவதில்லை. பையனுக்கு 9 வயதில் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்தார்கள், பத்தியம் இருந்தான், மூன்று வாரத்தில் கண் வெளுத்தது. ஊரில் அதே சமயம் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்குக் காமாலை இருந்ததால் ‘தண்ணியால வந்தது’ என்று முடிந்துபோனது. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அந்த வயதில் வரும் காமாலை பெரும்பாலும் ஹெபடைட்டிஸ் ஏ-தான், தானாகவே சரியாகும். உடம்பில் தாமிரம் தேங்கிக் கல்லீரலையும் மூளையையும் கெடுக்கும் வில்சன் நோயிலும் கல்லீரல் ஒரு முறை அடிபட்டுத் தானாகத் தேறிக்கொள்வது உண்டு. அப்படித் தேறுவதுதான் நம்மை ஏமாற்றுகிறது.

12 வயதில் எழுத்து கெட ஆரம்பித்தது. அதே வருடம் ஐப்பசியில் காய்ச்சல் வந்து ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்று நாள் படுத்திருந்தான். பிளேட்லெட் (தட்டணு) 92,000. மழைக்காலம், காய்ச்சல், தட்டணு குறைவு. டெங்கு வார்டில் போட்டார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் இரண்டாம் பக்கத்தில் ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கிறது: கல்லீரல் சொரசொரப்பு, மண்ணீரல் வீக்கம். டெங்கு பரிசோதனை நெகட்டிவ் என்பதும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. பயிற்சியில் இந்தப் பக்கத்தைக் கொடுத்துவிட்டு ஐந்து நிமிடம் பேசாமல் இருப்பேன். முதல் பக்கத்தைப் படித்துவிட்டு நிமிர்கிறவர்கள்தான் அதிகம். காய்ச்சல் போய் இரண்டு மாதம் கழித்துத் தட்டணுவை மறுபடி எண்ணிப் பார்த்திருந்தால் போதும், அப்போதும் அது ஏறியிருக்காது. கல்லீரல் இறுகி மண்ணீரல் பெருத்தால் தட்டணு மண்ணீரலில் தங்கிவிடும். அதற்கும் கொசுவுக்கும் சம்பந்தமில்லை.

13 வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து புகார் வந்தது: திட்டினால் சிரிக்கிறான். அம்மா அதை அப்படியே சொன்னார். “சார் அடிச்சா கூட பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறானாம். வீட்லயும் அப்படித்தான். செத்த வீட்டுக்குப் போனா கூட சிரிச்ச மூஞ்சியா நிக்கிறான், மானம் போவுது.” அவன் சிரிக்கவில்லை. முகத் தசைகள் இழுத்துக்கொண்டு மேல் உதடு ஏறி, வாய் பாதி திறந்தபடி நின்றுவிட்டது. பல் தெரிந்தது. கொஞ்ச நாளில் எச்சில் ஒழுக ஆரம்பித்தது, 13 வயதுப் பையன் தோளில் துண்டோடு பள்ளிக்குப் போனான். அப்புறம் போகவில்லை. குழறிப் பேசுவதைக் கேட்டுப் பிள்ளைகள் கேலி செய்ய, இவன் ஒருவனை அடித்துவிட்டான். கோவிலில் கயிறு கட்டினார்கள். பிறகு மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனார்கள். கோபத்துக்காக ஹாலோபெரிடால் என்ற மனநல மருந்து எழுதப்பட்டது. இரண்டு வாரத்தில் உடம்பு கட்டை போல விறைத்தது.

இந்த இடத்தில் மனநல மருத்துவர் மேல் அறையில் எல்லோருக்கும் கோபம் வரும். நான் அதை வளர விடுவதில்லை. வில்சன் நோயில் மனநிலை மாற்றம் மட்டுமே முதல் அறிகுறியாக வருவது நிஜம். அதோடு, அவர் கையில் கிடைத்தது ‘கோபம், பள்ளிக்குப் போக மறுப்பு’ என்ற ஒரு வரிக் கடிதம் மட்டுமே. காமாலை அதில் இல்லை, தட்டணு இல்லை, கையெழுத்து இல்லை. கல்லீரல் ஒருவரிடம், ரத்தம் ஒருவரிடம், கோபம் இன்னொருவரிடம் என்று பையனைப் பங்கு போட்டுக்கொண்டோம். ஒவ்வொருவரும் அவரவர் பங்கைச் சரியாகவே பார்த்தார்கள்.

கண்

ஒரு ஆளை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அதே 13 வயதில் கரும்பலகை தெரியவில்லை என்று கண்ணாடிக் கடையோடு சேர்ந்த ஒரு பரிசோதனை நிலையத்துக்குப் போயிருக்கிறான். பவர் பார்த்துக் கண்ணாடி கொடுத்தார்கள். அன்றைக்கு அவன் கண்ணில் தாமிரம் படிந்த வளையம் இருந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நரம்பு அறிகுறி வந்துவிட்டவர்களில் 100க்கு 95 பேரிடம் அது இருக்கும். கல்லீரல் தொல்லை மட்டும் இருக்கிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம்தான் இருக்கும், அதனால் வளையம் இல்லை என்றால் நோய் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது.

கைசர்-ஃபிளைஷர் வளையம் என்றதும் எல்லோருக்கும் ஒரு படம் நினைவுக்கு வரும். பாடப்புத்தகத்தில் இருக்கும் படம்: நீலக் கண், அதன் ஓரத்தில் பொன் பழுப்பில் பளிச்சென்று ஒரு வட்டம். நம் ஊரில் அந்தக் கண் யாருக்கு இருக்கிறது? பழுப்புக் கருவிழியின் மேல் பழுப்பு வளையம். டார்ச் அடித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதுவும் தாமிரம் முதலில் படிவது கார்னியாவின் (கண்ணின் முன்பக்கத்துக் கண்ணாடி போன்ற படலம்) மேல் ஓரத்தில், 12 மணி முள் நிற்கிற இடத்தில். அங்கேதான் மேல் இமை மூடியிருக்கும். அடுத்து கீழ் ஓரம். பக்கவாட்டில் கடைசியாகத்தான் வந்து வட்டம் முழுமையாகும். ஆகவே முழு வட்டத்தைத் தேடுகிறவர் பல வருடம் தாமதமாகத் தேடுகிறார்.

பயிற்சியில் இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்குகிறேன். ஸ்லிட் லேம்பை (மெல்லிய ஒளிக்கீற்றை விட்டுக் கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி) வைத்து ஒவ்வொருவராக உட்காரச் சொல்வோம். ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்க வேண்டும். “கீழே பாருங்க” என்று சொல்லி, கட்டை விரலால் மேல் இமையைத் தூக்கி, ஒளிக்கீற்றை நூல் போல மெல்லிசாக்கி, கார்னியாவின் விளிம்பில் சாய்த்து விட வேண்டும். படிவு இருந்தால் கீற்றின் உட்புற ஓரத்தில் தெரியும். கார்னியாவின் அடிப்பக்கத்தில் இருக்கும் டெஸ்மெட் படலத்தில்தான் தாமிரம் தங்குகிறது. வயதானவர்களுக்கு வரும் வெள்ளை வளையத்தை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது கொழுப்பு, வெளுப்பாக இருக்கும். முதல் முயற்சியில் இமையைத் தூக்க மறக்கிறவர்கள் நிறைய. இரண்டாவது முறை யாரும் மறப்பதில்லை.

சரி, தவறவிட்டதற்காகக் கண்ணாடிக் கடைக்காரரைத் திட்டத் தோன்றினால், நோயின் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். 1912இல் லண்டனில் சாமுவேல் அலெக்சாண்டர் கின்னியர் வில்சன் இந்த நோயை விரித்து எழுதினார். மூளையின் அடிப்பகுதி அழிவதையும், கூடவே கல்லீரல் சுருங்கிக் கிடப்பதையும் சேர்த்துச் சொன்னது அவருடைய பெரிய காரியம். ஆனால் அந்தக் கட்டுரையில் கண் வளையம் இல்லை. பத்து வருடத்துக்கு முன்பே, 1902லும் 1903லும் கைசரும் ஃபிளைஷரும் ஜெர்மனியில் அதைப் பார்த்து எழுதிவைத்திருந்தார்கள். அவர்கள் கண் மருத்துவர்கள், இவர் நரம்பு மருத்துவர். பங்கு போடுவது அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. மூளையிலும் கல்லீரலிலும் தாமிரம் குவிந்திருப்பதை கமிங்ஸ் அளந்து காட்டியது 1948இல். காரணமான மரபணு 13ஆம் குரோமோசோமில் பிடிபட்டது 1993இல்.

எப்படிப் பிடிபட்டது

14 வயதில் கீழே விழுந்து முழங்கையில் அடிபட்டு அரசு மருத்துவமனை வார்டில் சேர்ந்தான். இரவுப் பணியில் இருந்த ஸ்டாஃப் நர்ஸ் கஞ்சி கொடுக்கும்போது டம்ளரை நீட்டினார். பையன் அடிபடாத கையை நீட்டியதும் தோளிலிருந்து கை முழுவதும் பறவை இறக்கை அடிப்பது போல ஆட ஆரம்பித்தது. கஞ்சி அவர் புடவையில். அவர் கோபப்படாமல் கேட்டார்: “இவனுக்கு எப்பயாச்சும் காமாலை வந்துச்சாம்மா?” அந்த ஒரு கேள்விதான் ஐந்து வருடத்தை ஒன்றாகக் கட்டியது. அடுத்த நாள் கண் பிரிவில் ஸ்லிட் லேம்பில் முழு வளையம் தெரிந்தது.

பிறகு ரத்தம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. தாமிரம் அதிகமாகிற நோய் என்று எல்லோரும் சொல்கிறார்கள், ரத்தத்தில் தாமிரம் பார்த்தால் 48 என்று வந்தது. இயல்பைவிடக் குறைவு. பயிற்சி மருத்துவர் ஒருவர் “அப்ப வில்சன் இல்ல சார்” என்று கேஸ் ஷீட்டை மூடியே விட்டார். விஷயம் இதுதான்: ரத்தத்தில் ஓடும் தாமிரத்தின் பெரும் பங்கு செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தின் முதுகில் ஏறிப் போகிறது. இந்த நோயில் கல்லீரல் செல்லுக்குள் இருக்கும் ஏ.டி.பி.7பி என்ற பம்ப் வேலை செய்வதில்லை. தாமிரத்தை அந்தப் புரதத்தில் ஏற்றுவதும், மிச்சத்தைப் பித்தநீரில் தள்ளுவதும் அதன் வேலை. ஏற்றுவது நின்றால் புரதம் குறையும், மொத்தத் தாமிரமும் குறைந்ததாகக் காட்டும். தள்ளுவது நின்றால் தாமிரம் கல்லீரலில் தேங்கி, நிரம்பி வழிந்து மூளைக்கும் கண்ணுக்கும் போகும். வண்டி குறைந்ததால் சாலை காலியாகத் தெரிகிறது, சரக்கு முழுக்கக் கிடங்கில் அழுகிக்கொண்டிருக்கிறது.

அவனுடைய செருலோபிளாஸ்மின் 6. 20க்குக் கீழே சந்தேகம், 10க்குக் கீழே பலத்த சந்தேகம். ஆனால் உடம்பில் அழற்சி இருந்தாலும், கர்ப்ப காலத்திலும் இந்த அளவு ஏறி இயல்பு போலக் காட்டிவிடும். இயல்பாக வந்த ஒற்றை ரிப்போர்ட்டை நம்பிக் கோப்பை மூட வேண்டாம்.

அடுத்தது 24 மணி நேரச் சிறுநீர். கேட்கச் சுலபமாக இருக்கிற இந்தப் பரிசோதனைதான் நடைமுறையில் அதிகம் கெடுகிறது. முதல் தடவை பையன் ராத்திரி வார்டுக் கழிப்பறைக்கு எழுந்து போய்விட்டான். இரண்டாவது தடவை அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த சில்வர் குடத்தில் பிடித்து வைத்தார். மூன்றாவது தடவை லேப் டெக்னீஷியனே படுக்கைக்கு வந்து, உலோகம் படாத பிளாஸ்டிக் கேனைக் கொடுத்து, அம்மா கையில் பேனாவால் எழுதிவிட்டுப் போனார்: ‘காலை 6 மணி முதல் சிறுநீர் வெளியே. அப்புறம் எல்லாம் கேனில். மறுநாள் காலை 6 மணி சிறுநீரும் கேனில்.’ 260 மைக்ரோகிராம் வந்தது. 100க்கு மேல் என்றாலே நோயைச் சுட்டும், பிள்ளைகளுக்கு 40க்கு மேல் போனாலே யோசிக்க வேண்டும். இப்போதெல்லாம் டெக்னீஷியன்களை நான் முன் வரிசையில் உட்கார வைப்பதற்குக் காரணம் அந்தக் கேன்தான்.

எம்.ஆர்.ஐ.யில் மூளையின் அடிக்கணுக்களில் மாற்றம் தெரிந்தது. ‘பாண்டா முகம் இருந்ததா?’ என்று யாராவது கேட்காமல் இருந்ததில்லை. பரீட்சைக்குப் படித்ததில் அதுதான் மறக்காமல் நிற்கிறது. ஸ்கேனில் நடுமூளை பாண்டா கரடியின் முகம் போலத் தெரிவது சிறுபான்மையினருக்குத்தான், இவனுக்கு இல்லை. இந்த நோயை உறுதி செய்யப் பயன்படும் லைப்சிக் மதிப்பெண் போட்டுப் பார்த்தால் வளையத்துக்கு 2, கடுமையான நரம்பு அறிகுறிக்கு 2, செருலோபிளாஸ்மினுக்கு 2, சிறுநீர்த் தாமிரத்துக்கு 2. மொத்தம் 8. 4 வந்தாலே நோய் உறுதி. கல்லீரலில் ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்க்க வேண்டிய தேவையே வரவில்லை.

என் பங்கு

மற்றவர்கள் தவறை இவ்வளவு சொல்லிவிட்டு என்னுடையதைச் சொல்லாமல் விட்டால் அந்த அறையில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நான் டூட்டி டாக்டராக இருந்தபோது 11 வயதுப் பெண் குழந்தை கடும் காமாலையோடு வந்தாள். ஹெபடைட்டிஸ் என்று எழுதினேன். ஹீமோகுளோபின் தினமும் இறங்கியது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ரத்த அணுக்களை அழிக்கிறதா என்று பார்க்கும் கூம்ஸ் பரிசோதனை நெகட்டிவ். காமாலையின் அளவைக் காட்டும் பிலிருபின் அவ்வளவு ஏறியும் ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் என்ற என்சைம் மட்டும் விசித்திரமாகத் தாழ்ந்து கிடந்தது. மூன்றையும் என் கையால்தான் கேஸ் ஷீட்டில் எழுதினேன். ஐந்தாம் நாள் குழந்தை போய்விட்டாள். அந்த மூன்றும் சேர்ந்தால் வில்சன் நோயால் திடீரெனக் கல்லீரல் செயலிழந்ததா என்று பார்த்தாக வேண்டும், அந்தக் கட்டத்தில் மாற்றுக் கல்லீரல் தவிர வேறு வழி கிட்டத்தட்ட இல்லை. உடலை வாங்க வந்தபோதுதான் அப்பா சொன்னார், மூத்தவனும் இப்படித்தான் போனான் என்று. நான் கேட்கவே இல்லை.

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. “சொந்தத்துல கல்யாணமா?” என்று எடுத்த எடுப்பில் கேட்டால் குற்றம் சாட்டுவது போல இருக்கும், அம்மாக்கள் ‘இல்லை’ என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பையனின் அம்மாவும் முதலில் அப்படித்தான் சொன்னார். “உங்க வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்னாடி உங்களுக்கு என்ன முறை வேணும்?” என்று நர்ஸ் கேட்டதும் “எங்க அம்மாவோட தம்பி” என்று சொன்னார். தாய்மாமன். இந்த நோய் வர அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வர வேண்டும். ஒரே குடும்பத்துக்குள் கல்யாணம் நடந்தால் அதற்கு வாய்ப்பு கூடுகிறது. சொந்தமே இல்லாதவர்களுக்கும் இப்படிக் குழந்தை பிறக்கலாம், இதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் வீட்டில் பழி யார் தலையில் விழும் என்று நமக்குத் தெரியும்.

மருந்து தொடங்கிய பிறகு

தாமிரத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் டி-பெனிசிலமைன் குறைந்த அளவில் தொடங்கப்பட்டது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, கூடவே வைட்டமின் பி6. இதை நோய்க்குப் பயன்படுத்தலாம் என்று ஜான் வால்ஷ் 1956இல் அறிவித்த பிறகுதான் வில்சன் நோய் மாத்திரையால் கட்டுப்படக்கூடியதாயிற்று. மூன்றாவது வாரத்தில் பையனின் நிலை மோசமானது. விழுங்கவே கஷ்டப்பட்டான். நரம்பு அறிகுறி உள்ளவர்களுக்குத் தொடக்கத்தில் இப்படி ஆவது தெரிந்த விஷயம். எங்களுக்குத் தெரியும், அம்மாவிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. மருந்தை நிறுத்திவிட்டு ஒரு வாரம் வரவில்லை. திரும்ப வந்ததும் அளவைக் குறைத்து, மிக மெதுவாக ஏற்றினோம். சிறுநீரில் புரதம், ரத்த அணுக்கள் இரண்டையும் தவறாமல் பார்த்தோம். எட்டாவது மாதம் பட்டன் போட்டான். பேச்சு முழுசாகத் திரும்பவில்லை.

செப்புக் குடத்துத் தண்ணீரால் வந்ததா என்ற கேள்வி ஒவ்வொரு பயிற்சியிலும் வரும். அதனால் வரவில்லை. வந்த பிறகு அந்தக் குடம் வேண்டாம், ஈரல், நண்டு, சிப்பி, முந்திரி, சாக்லேட் முதலியவற்றைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். பித்தளை, செப்புப் பாத்திரத்துப் பாலால் கைக்குழந்தைகளுக்குக் கல்லீரல் கெட்டது என்று 1980களில் புனேயில் ஆராய்ந்து சொன்னார்களே, அது வேறு நோய்.

பையனுக்கு நோய் உறுதியான அன்றே தங்கையையும் வரச் சொன்னோம். கூடப் பிறந்த ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. 9 வயது, ஓடி ஆடுகிற பிள்ளை. கல்லீரல் என்சைம்கள் இயல்பு, வளையம் இல்லை. செருலோபிளாஸ்மின் 8, சிறுநீர்த் தாமிரம் 110. அவளுக்குத் துத்தநாக மாத்திரை, நாளுக்கு மூன்று வேளை. குடலிலேயே தாமிரத்தை மறித்து மலத்தோடு போகச் செய்யும். வெறும் வயிற்றில் குமட்டும், சாப்பாட்டோடு கொடுத்தால் சரியாக வேலை செய்யாது.

ஆறு மாதம் கழித்து எடுத்த சிறுநீரில் துத்தநாகம் மிகக் குறைவாக இருந்தது. மாத்திரை உள்ளே போகவில்லை என்று அர்த்தம். பயிற்சிக்கு வந்திருந்த கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னேன். அவர் வீட்டுக்குப் போய் எதுவும் கேட்காமல் மாத்திரை அட்டைகளை வாங்கி எண்ணினார். 12 இருக்க வேண்டிய இடத்தில் 41 இருந்தன. “ஒண்ணுமில்லாத புள்ளைக்கு எதுக்கும்மா மூணு வேள மாத்திர?” என்றாராம் ஆயா. செவிலியர் பதில் சொல்லாமல் உள்ளே போய், பையனின் ஆறாம் வகுப்பு நோட்டை எடுத்து வந்து ஆயா மடியில் வைத்தார். “அவனுக்கும் இத எழுதறப்ப ஒண்ணுமில்ல ஆயா.”

இப்போது அந்த வீட்டில் மாத்திரை நேரத்தைப் பார்ப்பது ஆயாதான். பேத்தி பசிக்கிறது என்று அழுதாலும், கடிகாரத்தில் ஒரு மணி நேரம் ஆகாமல் சோறு போடுவதில்லையாம்.